34 பிள்ளைகள் மட்டுமே படிக்கும் பள்ளியில் மன்றங்கள், வகுப்புச் செய்தி எல்லாம் நடத்த முடியுமா?

கேள்வி கேட்டவர் ஒரு சிறிய பள்ளியில் புதிதாக ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறார். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை மொத்தமே 34 பிள்ளைகள், ஆசிரியர்கள் இரண்டு பேர். அறிவியல் மன்றம், சதுரங்கம், வாசிப்பு, பள்ளிச் செய்தி என்று ஏதாவது செய்ய அவருக்கு ஆசை. "இருக்கிற ஆளுக்கு மன்றம் வேறயா?" என்று உடன் வேலை பார்ப்பவர் கேட்டாராம். எங்கே தொடங்குவது, வாரத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்குவது, பெற்றோருக்கு எப்படித் தெரிவிப்பது என்று கேட்டிருக்கிறார்.

ஏறக்குறைய இதே அளவுள்ள பள்ளியில் நான் 11 வருடம் வேலை பார்த்தேன். என் பதில் இதுதான்: தாராளமாக நடத்தலாம், ஆனால் மன்றத்தில் தொடங்காதீர்கள். முதலில் வகுப்புச் செய்தியைத் தொடங்குங்கள். மன்றங்கள் அதிலிருந்து முளைக்கும்.

நான் தலைகீழாகத் தொடங்கினேன். முதல் வருடம் ஒரு சார்ட்டில் நான்கு மன்றங்களின் பெயரை அழகாக எழுதி ஒட்டினேன். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி பிள்ளைகளைப் பிரித்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அறிவியல் மன்றத்துப் பிள்ளைகள் வந்து கைகட்டி உட்கார்ந்தார்கள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தார்கள். நான் சொன்னேன், அவர்கள் கேட்டார்கள், மணி அடித்தது. அது இன்னொரு வகுப்பாகத்தான் இருந்தது. நான்காவது வாரம் யாருமே அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் கரும்பலகையின் இடது ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குக் கோடு போட்டு "இன்றைய செய்தி" என்று எழுதினேன். காலையில் வந்ததும் யார் வேண்டுமானாலும் ஒரு செய்தி சொல்லலாம். எழுதத் தெரிந்தவர் எழுதுவார், எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைக்குப் பெரிய பிள்ளை எழுதிக் கொடுக்கும். முதல் வாரத்தில் வந்தவை: "எனக்குப் பல் விழுந்துவிட்டது." "எங்கள் வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டது." "நேற்று மழை பெய்தது." இதெல்லாம் ஒரு செய்தியா என்று தோன்றலாம். ஆனால் சின்னப் பள்ளியில் அந்தப் பல் யாருடையது என்று 34 பேருக்கும் தெரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலகைக்கு முன்னால் நின்று ப, ல் என்று எழுத்துக் கூட்டி, சேர்த்துப் படித்து, உடனே அந்தப் பையனின் வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பாடப் புத்தகத்தில் எத்தனையோ தடவை அவர்கள் கடந்து போன சொல்தான் அது. அன்றைக்குத்தான் படித்தார்கள்.

மழைச் செய்தி வேறு ஒரு வேலை செய்தது. மூன்று நாள் தொடர்ந்து "நேற்று மழை பெய்தது" என்றே வந்தது. நான்காவது நாள் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், எவ்வளவு மழைன்னு எழுதலாமே" என்றாள். எப்படி அளப்பது என்று கேட்டேன். வாளியை வைக்கலாம் என்றான் ஒருவன். பெரிய வாளியில் நிறையத் தண்ணீர் விழுமே, அப்போது அதிக மழையா என்று இன்னொருத்தி கேட்டாள். அந்த வாக்குவாதம் ஒரு பீரியடுக்கு ஓடியது. அதை நான் நிறுத்தவே இல்லை. எங்கள் அறிவியல் மன்றம் உண்மையில் அன்றைக்குத்தான் பிறந்தது.

மழைமானி செய்வது சுலபம், நீங்களும் செய்யுங்கள். பக்கவாட்டில் நெளிவு இல்லாத நேரான பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போல உள்ளே செருகிவிட வேண்டும். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து மேலே அளவுகோல் ஒட்டினால் மில்லிமீட்டர் கணக்கு வந்துவிடும். சுவர், மரம் ஆகியவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி, திறந்த வெளியில் வைக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும், பார்த்ததும் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு பிள்ளைகள் போதும். ஒருவர் பார்த்துச் சொல்வார், இன்னொருவர் தானும் பார்த்துச் சரி என்ற பிறகே எழுதுவார்.

அப்புறம் கணக்கும் வந்து சேர்ந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். பிள்ளைகள் பள்ளிக் கட்டடத்தை வெளியே அடியளந்து, மேல்தளம் ஏறக்குறைய 60 சதுர மீட்டர் என்று கண்டுபிடித்தார்கள். 12 மில்லிமீட்டர் பெய்த மறுநாள் பலகையில், "நேற்று நம் பள்ளி மேல் விழுந்த தண்ணீர் 720 லிட்டர்" என்று இருந்தது. பெருக்கல் வாய்பாட்டை வெறுத்த ஒரு பையன்தான் அதை எழுதினான்.

இனி நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும், நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக. செய்தி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், பிழையோடு எழுதியவற்றைச் சிவப்புச் சாக்பீஸால் திருத்த ஆரம்பித்தேன். ற, ர குழம்பியிருந்தால் வட்டம். ஒற்று விட்டிருந்தால் வட்டம். பத்தே நாளில் செய்திகள் சுருங்கின. எழுதத் தெரிந்த மூன்று பேர் மட்டும் எழுதினார்கள், அதுவும் "இன்று வெள்ளிக்கிழமை" போன்ற பிழையே வர முடியாத வரிகள். நான் வட்டம் போடுவதை நிறுத்திய பிறகும் மற்றவர்கள் திரும்பி வரப் பல நாள் ஆனது. பிறகு ஒரு வழி கண்டோம். பலகையில் இருப்பதை யாரும் தொட மாட்டோம். மாலையில் அதைச் செய்தி நோட்டில் எழுதி வைக்கும்போது, எழுதியவரும் நானுமாகச் சேர்ந்து சரிசெய்வோம். நோட்டு நிலையானது என்பதால் திருத்தம் அங்கே தேவை என்று பிள்ளைகளே ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொன்று. ஒரு நாள் ஒரு சின்னப் பிள்ளை வகுப்பில் அழுததை யாரோ செய்தியாக எழுதிவிட்டார்கள். பொய் இல்லை, நடந்ததுதான். ஆனால் அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அன்று மாலை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசி ஒரு விதி வைத்துக்கொண்டோம்: அடுத்தவரைப் பற்றிய செய்தி என்றால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். முதல் நாளே இந்த விதியை வைத்துவிடுங்கள். நான் வைக்காமல் போனதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு.

இப்படிச் செய்ததில் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பிரான்சின் தெற்கே பார்-சூர்-லூ என்ற ஊரில் செலெஸ்தேன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் பட்ட காயத்தால் அவருக்கு நீண்ட நேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்துவது கடினமாக இருந்தது. பிள்ளைகளை வெளியே நடக்க அழைத்துப் போனார். திரும்பி வந்ததும் பார்த்ததை அவர்கள் சொல்ல, அது பலகைக்கு வந்தது. 1924-ல் ஒரு சின்ன அச்சுப்பொறியை வகுப்புக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள் தொலைவில் இருந்த இன்னொரு பள்ளிக்குப் போயின, அங்கிருந்தும் தாள்கள் வந்தன. போலந்தில் யானுஷ் கோர்ச்சாக் 1926-ல் பிள்ளைகள் எழுதும் வாரப் பத்திரிகை ஒன்றை வார்சாவில் தொடங்கினார். பெரியவர்களின் நாளிதழோடு இணைப்பாக வெள்ளிக்கிழமை தோறும் வந்த அது 1939 செப்டம்பர் வரை நடந்தது. ஃப்ரெனேயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, அங்கே இல்லாத ஒருவர் படிக்கப்போகிறார் என்ற எண்ணம். படிப்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் எழுதுவதே மாறிவிடுகிறது. நாங்களும் எங்களைப் போன்ற இன்னொரு சிறிய பள்ளியோடு மாதம் ஒரு தாள் மாற்றிக்கொண்டோம். அவர்கள் மழை அளவை அனுப்பச் சொன்னதும் எங்கள் மழைமானிக் காவலர்கள் இருவரும் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

அடுத்து வந்தது குருவி மன்றம். ஜன்னலுக்கு மேலே இருந்த பொந்தில் சிட்டுக்குருவி வைக்கோல் கொண்டுபோவதை மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் செய்தியாக எழுதினான். அதன் பிறகு தினமும் அவனிடம் எல்லோரும், "இன்னைக்கு என்ன?" என்று கேட்டார்கள். சிட்டுக்குருவி முட்டையை ஏறக்குறைய 12 நாள் அடைகாக்கும், குஞ்சு பொரித்த பிறகு இரண்டு வாரம்போல் கூட்டில் இருக்கும் என்று நான் சொன்னேன். அவன் நாட்காட்டியில் கணக்குப் போட்டு ஒரு தேதியை வட்டமிட்டான். கிட்டே போகக் கூடாது, கல்லெறியக் கூடாது, ஜன்னலைச் சத்தமாகச் சாத்தக் கூடாது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே அவன் உத்தரவு போட்டான், அவர்களும் கேட்டார்கள். அவன் வகுப்பில் வாய் திறந்து பேசியே நான் அதுவரை பார்த்ததில்லை.

உங்களோடு வேலை பார்ப்பவரிடம் இதைச் சொல்லுங்கள். ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கான்சாஸ் பகுதி உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1964-ல் வெளியிட்டார்கள். பெரிய பள்ளியில் நிகழ்ச்சிகளும் குழுக்களும் அதிகம்தான். ஆனால் சிறிய பள்ளி மாணவர்கள்தான் அவற்றில் பொறுப்பான இடங்களில் அதிகமாக இருந்தார்கள் என்று கண்டார்கள். காரணம் எளிது. ஆள் குறைவு என்றால் ஒவ்வொருவரும் தேவைப்படுகிறார்கள். 12 பாத்திரங்கள் உள்ள நாடகத்துக்கு 14 பிள்ளைகள் இருந்தால், கூச்சப்படுகிற பிள்ளையிடமும் போய், "நீ இல்லாமல் நடக்காது" என்று சொல்லியாக வேண்டும். அது உண்மையாகவும் இருக்கும், அந்தப் பிள்ளைக்கும் அது தெரியும்.

சதுரங்கத்துக்கு ஒரு சின்ன யோசனை. ஐந்து பேர், இரண்டு பலகை இருந்தாலே போட்டி நடத்தலாம். ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் ஆடினால் மொத்தம் 10 ஆட்டம். ஐந்து சுற்றில் முடிந்துவிடும், ஒவ்வொரு சுற்றிலும் ஒருவருக்கு ஓய்வு. அந்த ஓய்வில் இருப்பவர்தான் அன்றைய நிருபர். ஆடுபவர்களைப் பார்த்துச் செய்தி எழுதுவது அவர் வேலை. நன்றாகப் பார்த்து எழுதும் பிள்ளை அடுத்த சுற்றில் நன்றாக ஆடுவதையும் கவனித்திருக்கிறேன். வகுப்புவாரியாகப் பிரிக்காதீர்கள். இரண்டாம் வகுப்புப் பெண் ஐந்தாம் வகுப்புப் பையனை வெல்லக்கூடிய இடம் பள்ளியில் வேறு அதிகம் கிடையாது.

வாசிப்புக்கு மன்றமே தேவைப்படவில்லை. மதிய இடைவேளையில் பெரிய பிள்ளை ஒரு சின்னப் பிள்ளைக்குப் படித்துக் காட்டும், அவ்வளவுதான்.

நேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காலையில் செய்திக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மன்றங்களுக்கு வாரம் ஒரு பீரியடு. எல்லா மன்றத்தையும் ஒரே நேரத்தில் வைத்தால் இரண்டு ஆசிரியர்களால் பார்க்க முடியாது, குருவியும் சதுரங்கமும் இரண்டுமே வேண்டும் என்கிற பிள்ளைக்கும் கஷ்டம். அதனால் ஒரு சமயத்தில் இரண்டு மன்றம் மட்டும், ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றம். ஆறு வாரத்துக்குப் பிறகு ஆர்வம் இல்லையென்றால் அந்த மன்றத்தை மூடிவிடுங்கள். மூடியதையும் பலகையில் செய்தியாகப் போடுங்கள். எங்கள் குருவி மன்றம் குஞ்சுகள் பறந்த வாரத்தோடு முடிந்தது, அது முடிந்ததில் யாருக்கும் குறை இல்லை.

பெற்றோருக்கு மாதம் ஒரு தாள் போதும். செய்தி நோட்டிலிருந்து பிள்ளைகளே தேர்ந்தெடுத்துக் கையால் எழுதி, அதை நகல் எடுத்துக் கொடுத்தோம். 34 பிள்ளைகளின் பெயரும் வருடத்தில் சமமாக வருகிறதா என்று பின் அட்டையில் ஒரு பட்டியல் வைத்து டிக் போட்டுக்கொண்டே வந்தேன். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தன் பெயர் ஒரு தடவையும் வராத பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லாது. பிள்ளைகளின் படத்தையும் முழுப் பெயரையும் இணையத்தில் போடுவதாக இருந்தால், முன்கூட்டியே ஒவ்வொரு வீட்டிலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாங்கள் தாளோடு நிறுத்திக்கொண்டோம்.

அந்தப் பழைய செய்தி நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டாவது வருடத்திலிருந்து "போன வருடம் இதே நாள்" என்று ஒரு வரி பலகையில் சேர்த்தோம். மழை எவ்வளவு, யாருக்குப் பல் விழுந்தது, யார் யாரை வென்றார்கள் என்று போகும். எனக்குப் பிறகு வந்த ஆசிரியர் அதைத் தொடர்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். அந்த ஜன்னலுக்கு மேலே மறுபடியும் வைக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது. பலகையில் தேதியும் அதற்குக் கீழே ஒரே ஒரு வரியும்: "இரண்டு முட்டை இருக்கிறது என்று நினைக்கிறோம், மேலே ஏறிப் பார்க்கவில்லை."