சில்டர்ன் குன்றுகள் யாருடையவை? – கடிதம்

வணக்கம் அண்ணா,

ஹாரோவில் பல வருடங்களாக இருக்கிறேன். தினமும் மெட்ரோபாலிட்டன் ரயிலில் லண்டனுக்குள் வேலைக்குப் போய் வருகிறேன். அதே தடத்தின் மறுமுனையில் ஆமர்ஷாம், செஷாம் என்று ஊர்கள் இருப்பதை ரயில் பலகையில் பார்த்ததோடு சரி. லண்டனுக்கு வடமேற்கே உள்ள சில்டர்ன் குன்றுகளைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு ஒரு ஞாயிறு குடும்பத்தோடு வெண்டோவர் போனோம். ஊரைத் தாண்டியதும் பாதை ஒரு வயலுக்குள் நுழைந்தது. வாசல் கதவில் ‘தனியார் நிலம்’ என்று பலகை. “யாராவது வந்து கேட்டால் என்ன சொல்லப் போறீங்கள்?” என்றார் மனைவி. திரும்பி வந்துவிட்டோம்.

உண்மையைச் சொன்னால் ஏமாற்றமும்தான். நுவரெலியாவைப் பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் மலையே இல்லை. அருவி இல்லை, ஓடைகூட இல்லை. அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது? இன்னொன்று, பதினான்கு வயது மகன் சைக்கிள் என்றால்தான் வருவேன் என்கிறான். நடப்பது நல்லதா, சைக்கிளா?

க., ஹாரோ

அன்புள்ள க.,

உங்கள் மனைவியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். யாராவது வந்து கேட்டால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. “குட் மார்னிங்” போதும்.

‘தனியார் நிலம்’ என்ற பலகை பொய்யில்லை. நிலம் தனியாருடையதுதான், அதன் குறுக்கே போகும் பாதையில் நடக்கும் உரிமை பொதுமக்களுடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் பாதைகள் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் அந்த வயல் நடுவே போகும் ஒற்றையடிப் பாதையும் ஏ40 என்ற நெடுஞ்சாலையும் ஒரே இனம், இரண்டுமே ஹைவே, அதாவது பொதுவழி. நிலக்காரர் உழலாம், ஆனால் உழுத பிறகு பாதையைச் சீராக்கித் தர வேண்டியது அவர் பொறுப்பு. நீங்கள் பார்க்க வேண்டியது பலகையை அல்ல, கதவுத்தூணில் அடித்திருக்கும் சின்ன அம்புக்குறியை. மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் பிரைடில்வே: நடக்கலாம், குதிரையில் போகலாம், சைக்கிளிலும் போகலாம்.

வெண்டோவரில் நீங்கள் திரும்பியது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. ஏனென்றால் அதே ஸ்டேஷனிலிருந்து ரிட்ஜ்வே என்ற நெடுந்தூர நடைபாதையைப் பிடித்து மேற்கே ஏறினால் பேகம் குன்று, அடுத்து சுமார் 260 மீட்டர் உயரத்தில் கூம் குன்று, அதன் பிறகு செக்கர்ஸ். ஆம், பிரதமரின் கிராமத்து மாளிகை. ரிட்ஜ்வே அந்த எஸ்டேட்டுக்குள் புகுந்து, மாளிகைக்குப் போகும் கார்ப்பாதையையே குறுக்கே கடந்து போகிறது. காமிராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும். பாதையை விட்டு உள்ளே விலகினால் குற்றம். பாதையில் நடக்கும்வரை யாரும் உங்களை நிறுத்த முடியாது. பிரதமர் வீட்டு வாசலிலேயே செல்லுபடியாகும் உரிமை ஒரு கோதுமை வயலில் செல்லாமல் போய்விடுமா?

இந்த உரிமை யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. வெண்டோவருக்குக் கிழக்கே பெர்க்கம்ஸ்டெட் என்ற ஊர். அங்கே ஊராருக்கு ஆடுமாடு மேய்க்கவும் விறகு வெட்டவும் உரிமை இருந்த ஒரு பெரிய பொதுவெளி. 1866-இல் ஆஷ்ரிஜ் எஸ்டேட்டின் பிரபு பிரவுன்லோ அதில் மூன்றில் ஒரு பங்கை ஐந்தடி இரும்பு வேலி போட்டு அடைத்துவிட்டார். ஆகஸ்டஸ் ஸ்மித் என்ற உள்ளூர் நிலக்கிழார் இதை எதிர்த்தார். மார்ச் 6-ஆம் தேதி இரவு லண்டன் யூஸ்டனிலிருந்து ஒரு தனி ரயில். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட கூலியாட்கள், கையில் கடப்பாரைகள். ட்ரிங் ஸ்டேஷனில் இறங்கி இருட்டில் நடந்து போய், விடிவதற்குள் வேலி முழுவதையும் பிடுங்கி ஓரமாக அடுக்கிவிட்டார்கள். காலையில் ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டது. வழக்கு நடந்தது. 1870-இல் தீர்ப்பு ஸ்மித் பக்கம் வந்தது. அதற்குப் பின்னால் நின்றது, வேலி பிடுங்கியதற்கு முந்தைய வருடம் 1865-இல்தான் தொடங்கப்பட்டிருந்த பொதுவெளிப் பாதுகாப்புச் சங்கம். அச்சங்கத்தின் வழக்கறிஞராக இருந்த ராபர்ட் ஹண்டர்தான் 1895-இல் இயற்கை, பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட்டைத் தொடங்கிய மூவரில் ஒருவர். இன்று அந்த ஆஷ்ரிஜ் காடுகளின் பெரும்பகுதி நேஷனல் டிரஸ்ட்டிடம்தான் இருக்கிறது. ஒரு பிரபுவின் வேலியைப் பிடுங்க இன்னொரு பணக்காரர் தேவைப்பட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இருந்தாலும் அந்தக் கடப்பாரைகளின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

இப்போது உங்கள் ஏமாற்றத்துக்கு வருகிறேன். மலையே இல்லை என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். சில்டர்ன் முழுவதிலும் உயர்ந்த இடமே 267 மீட்டர்தான். ஓடை இல்லை என்பதும் சரி. ஆனால் நீங்கள் குறையாகச் சொன்ன இதுதான் அந்த நிலத்தைப் புரிந்துகொள்ளும் திறவுகோல்.

அந்தக் குன்றுகள் சுண்ணாம்பு. டைனோசர் காலத்துக் கடலில் மிதந்த, கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான வருடங்கள் அடியில் படிந்து இறுகிய வெள்ளைப் பாறை. அதில் மழை பெய்தால் தண்ணீர் மேலே ஓடுவதில்லை, பஞ்சில் விழுந்ததுபோல் உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால்தான் அங்கே பள்ளத்தாக்குகள் இருக்கின்றன, ஆறுகள் இல்லை. பனியுகத்தில் நிலம் உறைந்து கெட்டியாகிக் கிடந்தபோது மேலே ஓடிய நீர் அரித்த பள்ளங்கள் அவை. உறைபனி உருகியதும் நீர் கீழே போய்விட்டது, பள்ளம் மட்டும் தங்கிவிட்டது.

குன்றின் மேல் வாழ்ந்தவர்களுக்கு இது பெரும் கொடுமை. ஸ்டோக் ரோ என்ற கிராமத்தில் ஒரு கிணறு இருக்கிறது. பொன்னிறக் குவிமாடம் வைத்த விதானம், அதன் கீழ் ஒரு யானை பொம்மை. காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங் கொடுத்த பணத்தில் தோண்டியது. அந்தப் பக்கத்தைச் சேர்ந்த எட்வர்ட் ரீட் என்ற அதிகாரி வட இந்தியாவில் பணியாற்றியபோது, எங்கள் ஊரிலும் தண்ணீருக்கு இப்படித்தான் அல்லாடுகிறார்கள் என்று மகாராஜாவிடம் சொல்லியிருக்கிறார். அது மகாராஜாவின் மனதில் தங்கிவிட்டது. 1863-இல் தொடங்கி 1864-இல் முடித்தார்கள். ஆழம் 368 அடி, முழுக்கக் கையால் வெட்டியது. இங்கிலாந்துக் கிராமத்துக்கு இந்தியாவிலிருந்து குடிநீர்த் தர்மம்! காலனியக் கணக்குகளை நாம் பேசும்போது யாரும் எடுத்துச் சொல்லாத வரி இது. பராமரிப்புச் செலவுக்கென்று பக்கத்தில் ஒரு செர்ரித் தோட்டமும் வைத்தார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் காரிலேயே கூட்டிப்போய்க் காட்டலாம்.

உள்ளே இறங்கிய நீர் எங்கே போகிறது என்றால், குன்றின் அடிவாரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. செஷாம் ஊரில் தொடங்கும் செஸ் ஆறு அப்படிப்பட்டது. பாறையில் வடிகட்டப்பட்டு வருவதால் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். கோடையிலும் காலை வைத்தால் சில்லிடும். உலகத்தில் சுண்ணாம்பு ஆறுகள் மொத்தமே சில நூறுதான், அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தில். அருவி கேட்ட உங்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். செஷாமிலிருந்து ரிக்மன்ஸ்வர்த் வரை ஆற்றோடு சேர்ந்து ஒரு நடைபாதை, சுமார் 16 கிலோமீட்டர். இரண்டு முனையிலும் உங்கள் மெட்ரோபாலிட்டன் ஸ்டேஷன்.

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். வறண்ட வருடங்களில் செஸ் ஆற்றின் மேற்பகுதி காய்ந்து கிடக்கும். லண்டனின் வடமேற்கு விளிம்பில் உள்ள வீடுகளுக்குப் போகும் குடிநீரில் கணிசமான பங்கு இந்தச் சுண்ணாம்பு அடுக்கிலிருந்து இறைக்கப்படுவது. உங்கள் கெட்டிலின் அடியில் படியும் வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

அப்புறம் காடு. சில்டர்ன் என்றால் பீச் (beech) மரக்காடு. கோடையில் நிழல் அவ்வளவு அடர்த்தி, கீழே செடியே முளைக்காது. அதனால்தான் புளூபெல் பூக்கள் ஏப்ரல் கடைசியில், மரம் முழுதாக இலை விடுவதற்குள் அவசரமாகப் பூத்து முடித்துவிடுகின்றன. இந்தக் காடு தானாக இப்படி ஆகவில்லை. ஹை விக்கம் நகரம் நாற்காலிக்குப் பேர்போனது. பாட்ஜர்கள் எனப்பட்ட தொழிலாளிகள் காட்டுக்குள்ளேயே கொட்டகை போட்டு, காலால் மிதிக்கும் கடைசல் பட்டறையில் நாற்காலிக் கால்களைக் கடைந்து நகரத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஊர் கால்பந்து அணிக்கு இன்றும் ‘சேர்பாய்ஸ்’ என்றுதான் பட்டப்பெயர், மகனுக்குத் தெரிந்திருக்கும். தலைக்கு மேலே வால் பிளந்த பெரிய பருந்துகள் வட்டமிட்டால் அவை ரெட் கைட். இங்கிலாந்தில் அடியோடு அழிந்து, 1989-இல் தொடங்கி ஸ்பெயினிலிருந்து குஞ்சுகள் கொண்டுவந்து சில்டர்னில் விடப்பட்ட இனம். இப்போது சாண்ட்விச்சைப் பிடுங்கும் அளவுக்குத் துணிந்துவிட்டன. வெட்டவெளியில் ரோல்ஸைப் பிரிக்கும்போது கவனம்.

சைக்கிளா, நடையா? சில்டர்னுக்கு நடைதான் என்பது என் கட்சி. மேலே சொன்ன ஊற்று, பள்ளம், பூ எதுவும் சைக்கிள் வேகத்தில் கண்ணில் படாது. சட்டமும் கொஞ்சம் இடிக்கிறது. ரிட்ஜ்வே மொத்தம் 139 கிலோமீட்டர். தேம்ஸுக்கு மேற்கே உள்ள பாதியில்தான் சைக்கிள் தாராளமாகப் போகும், சில்டர்னுக்குள் வரும் பாதி பெரும்பாலும் மஞ்சள் அம்பு. மகன் பிடிவாதமாக இருந்தால் அரசு வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 181 வரைபடத்தை வாங்கிக் கொடுங்கள். பச்சை நிறத்தில் நீளக் கோடுகளாகப் போவது பிரைடில்வே, குட்டிக் கோடுகள் நடைபாதை. நீளக் கோடுகளை மட்டும் இணைத்து ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். பிரைடில்வேயில் சைக்கிளுக்கு அனுமதி கொடுத்த 1968-ஆம் வருடச் சட்டமே, நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. குதிரைக்குப் பின்னால் போகும்போது குரல் கொடுத்துவிட்டு, மெதுவாகத் தாண்ட வேண்டும்.

சேறு விஷயத்தில் ஒரு விசித்திரம். குன்றின் சரிவுதான் சகதியாக இருக்கும், உச்சி காய்ந்திருக்கும் என்று நினைப்போம். அங்கே தலைகீழ். சரிவில் சுண்ணாம்பு, தண்ணீர் இறங்கிவிடும். உச்சியில் சக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் படலம், நவம்பரிலிருந்து மார்ச் வரை அது சக்கரத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். உடைந்த சக்கிமுக்கிக் கல்லின் விளிம்பு டயரைக் கிழிக்கும், உபரி டியூப் இல்லாமல் அனுப்பாதீர்கள். வெயில் காலத்திலும் மழை பெய்த மறுநாள் வெள்ளைச் சரிவில் பிரேக்கை நம்ப வேண்டாம்.

சைக்கிள் ஆசைக்குச் சரியான இடம் தெற்கே இருக்கிறது. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை சவுத் டவுன்ஸ் வே, 160 கிலோமீட்டர், அதுவும் சுண்ணாம்புத் தொடர்தான். முழு நீளமும் சைக்கிளில் போகலாம். காடு குறைவு, புல்வெளி அதிகம், ஒரு பக்கம் கடல் தெரியும். மகனுக்குப் பதினாறு ஆகும்போது மூன்று நாள் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் மே முதல் வாரம் மறுபடி வெண்டோவர் போங்கள். ஹாரோ ஆன் தி ஹில்லிலேயே நேரடி ரயில் இருக்கிறது. கன்றோடு நிற்கும் மாடுகளைச் சுற்றிப் போங்கள், கதவைத் திறந்தால் மூடிவிடுங்கள். செக்கர்ஸ் கார்ப்பாதையைக் கடந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.