பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்கட்டும்

லாஸ்பேட்டைத் தங்கைக்கு,

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரை மணந்து அடுத்த மாதம் பாரிசுக்குப் புறப்படுவதாகவும், என்ன குளிராடை வாங்குவது, மொழி வகுப்பில் எப்போது சேர்வது, மாமியார் கேட்டபடி பாஸ்போர்ட்டையும் நகையையும் அவரிடமே கொடுத்து வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டுக்கும் வந்தபின் தானாக விடை கிடைத்துவிடும். மூன்றாவதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து 2002-இல் இங்கு வந்திறங்கிய அன்றிரவே, பத்திரமாக இருக்கட்டும் என்று கேட்டவுடன் என் பாஸ்போர்ட்டைக் கணவரிடம் நீட்டியவள் நான்.

உங்கள் கணவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் பாஸ்போர்ட், திருமணச் சான்று, பிறப்புச் சான்று ஆகியவற்றை நீங்களே வைத்துக்கொண்டு, நகல்களை அம்மாவிடமும் கொடுத்துவிட்டு வாருங்கள். நீண்டகால விசாவை வந்த மூன்று மாதங்களுக்குள் இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அதற்கு உங்கள் சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள், இல்லையென்றால் உங்கள் வதிவிடம் பற்றிய கடிதமெல்லாம் அவர் கைக்குத்தான் போகும்.

அடி விழத் தொடங்கிய பிறகு நான் கற்றுக்கொண்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். சண்டை மூளும்போது சமையலறையிலும் குளியலறையிலும் நிற்காமல் வாசல் பக்கம் வந்துவிடுவேன். பாஸ்போர்ட் நகலும் மகளின் தடுப்பூசிப் புத்தகமும் துவரம் பருப்பு டப்பாவின் அடியில் கிடந்தன; அந்த டப்பாவை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. தொலைபேசியில் நான் "முதுநகர் அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?" என்று கேட்டால், அம்மா உடனே என் கீழ்வீட்டுத் தமிழ் அக்காவை அழைக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. முதுநகரில் எங்களுக்கு அத்தையே கிடையாது.

பிரிந்து போகப் போகிறேன் என்று முன்கூட்டி அவரிடம் சொல்லாதீர்கள். அடிக்கிறவர் மிகவும் மூர்க்கமாவது அந்த வேளையில்தான். அவசரத்துக்குக் காவல்துறை எண் 17. வாய்விட்டுப் பேச முடியாவிட்டால் 114-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆலோசனைக்கு 3919, அந்த அழைப்பு இலவசம், தொலைபேசிக் கட்டண ரசீதிலும் வராது. காவல் நிலையத்தில் 'மேன் கூரான்த்' என்ற வெறும் குறிப்போடு அனுப்பப் பார்த்தால், 'ப்ளேன்த்' எனப்படும் முறையான புகாரைத்தான் பதிய வேண்டும் என்று விடாமல் கேளுங்கள். காயம் இருந்தால் மருத்துவச் சான்றும் வாங்கிவிடுங்கள். நான் வெளியேறிய 2004-இல், அடிப்பவர் நம்மை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் தரும் பாதுகாப்பு உத்தரவு என்ற ஒன்றே இல்லை, 2010-இல்தான் அதற்குச் சட்டம் வந்தது. இப்போது குடும்ப நீதிபதி விசாரணைத் தேதியைக் குறித்த நாளிலிருந்து 6 நாட்களுக்குள் அதைப் பற்றி முடிவு செய்தாக வேண்டும். புகார் கொடுத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

"விசா போய்விடும், அனுசரித்துப் போ" என்று பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் கடைத்தெருவில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே எனக்குப் புத்தி சொன்ன நம்மவர்கள் பலர். வன்முறையால் கணவரைப் பிரிய நேர்ந்த மனைவிக்கு, சேர்ந்து வாழவில்லை என்ற காரணத்தைக் காட்டி வதிவிட அட்டையைப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது என்பதே சட்டம். அவர்களுக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. நான் அவர்களிடம் சொன்னது மறுநாளே என் கணவரின் காதுக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து கடைத்தெருவில் யாரிடமும் வீட்டுக்கதை பேசுவதில்லை.

பிறகு பள்ளி உணவகத்தில் வேலை, மாலையில் மொழி வகுப்பு. இப்போது மாநகராட்சி அலுவலகத்தில் மற்றவர்களுக்கு நான்தான் படிவம் நிரப்பித் தருகிறேன். விடுமுறைக்கு மஞ்சக்குப்பம் போனால், அம்மா தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே, "முதுநகர் அத்தை சௌக்கியமா?" என்று இன்றும் கேட்பார்.