கியோஸ் தீவின் வெண்கலக் காசுகள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என்னிடம் உள்ள ஒரு கிரேக்கக் காசில் பெண் தலை, சிங்க உடம்பு, இறக்கை. பின்னால் ஒரு ஜாடி. எந்த ஊர் இது?

பதில்: கியோஸ். துருக்கிக் கரைக்கு எதிரே இருக்கும் தீவு. அந்த உருவம் ஸ்பிங்க்ஸ், ஊரின் சின்னம். ஸ்பிங்க்ஸை மட்டும் வைத்து முடிவு செய்துவிடக்கூடாது, தெற்குத் துருக்கியில் இருந்த பெர்கே என்ற ஊரின் காசிலும் அது உண்டு. ஜாடிதான் அடையாளம்: கியோஸ் ஒயின் கடல் கடந்து போன ஆம்போரா அது. ஜாடியின் பக்கத்தில் ஊர்ப்பெயரோடு ஒரு அதிகாரியின் பெயரும் இருக்கும், தேய்ந்திருந்தாலும் சாய்வாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: வெள்ளிக்காசு இருக்கும்போது வெண்கலம் எதற்கு சார்?

பதில்: சில்லறைக்கு. ஏதென்ஸ் கணக்கில் ஒரு ஓபோல் என்பது சுமார் 0.7 கிராம் வெள்ளி, அதில் எட்டில் ஒரு பங்கு கால்கூஸ் என்ற சின்னச் சில்லறை. அதை வெள்ளியில் அடித்தால் விரலில் நிற்குமா?

கேள்வி: ரோமர் ஆட்சியில் எல்லா ஊரும் பேரரசர் தலையைப் போட்டதாமே, கியோஸும் அப்படித்தானா?

பதில்: இல்லை, எனக்கு இந்த ஊர் மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததே அதனால்தான். சுற்றியுள்ள ஊர்களில் பெரும்பாலானவை பேரரசர் முகத்தைப் பொறித்துக்கொண்டிருந்த காலத்திலும் கியோஸ் தன் ஸ்பிங்க்ஸை விடவில்லை. இன்னொன்று, காசின் மதிப்பை எழுத்திலேயே போட்டார்கள், அந்தக் கால கிரேக்க ஊர்களில் இது அபூர்வம். ‘ஓபோலோஸ்’ (ஓபோல்), ‘டிகால்கோன்’ (இரண்டு கால்கூஸ்) என்ற கிரேக்கக் கணக்கும் உண்டு, ‘அஸ்ஸாரியா ட்ரியா’, அதாவது மூன்று அஸ்ஸாரியன் (ரோமர்களின் வெண்கலச் சில்லறை அலகு), என்று ரோமக் கணக்கும் உண்டு, இரண்டும் ஒரே ஊரின் காசுகளில். தெருவில் என்ன மதிப்புக்குக் கைமாறியது என்று ஆராய்ச்சியாளர்கள் மற்ற ஊர்க் காசுகளை எடை போட்டுப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது, இங்கே காசே சொல்லிவிடுகிறது. பெரிய மூன்று அஸ்ஸாரியன் காசில் ஜாடிக்குப் பதில் கிரேக்கக் கடவுள்கள் அப்பொல்லோவும் டயோனிசஸும் நிற்பதைப் பார்க்கலாம்.

கேள்வி: பச்சையாக இருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் பச்சைதான் காசுக்குக் கவசம், எழுத்தும் அதில்தான் நிற்கிறது. வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் மட்டும் பயப்படுங்கள், அது குளோரைடு அரிப்பு, ஈரம் பட்டால் காசைத் தின்றுகொண்டே போகும். அந்தக் காசைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், அப்புறம் உலோகப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.