இடைவெளி விட்டால் கார் புகுந்துவிடுகிறதே, என்ன செய்வது?

வேன் ஓட்டிக்கொண்டிருந்து, மூன்று மாதங்களுக்கு முன் டிரெய்லர் லாரிக்கு மாறிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: "முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் நடுவில் இடைவெளி விட்டால் உடனே ஒரு கார் புகுந்துகொள்கிறது. நான் வேகத்தைக் குறைத்தால் இன்னொன்று வருகிறது. நெருங்கிப் போய் ஹாரன் அடித்தால்தான் பயப்படுவார்கள் என்கிறார்கள் மூத்த ஓட்டுநர்கள். அது சரியா? இன்னொரு லாரியை நான் முந்தும்போது பின்னால் வரும் கார்கள் பொறுமையிழந்து ஹாரன் அடிக்கின்றன. அப்போது என்ன செய்ய வேண்டும்?"

மூத்தவர்கள் சொன்னது தவறு. ஏன் தவறு என்பது வேனுக்கும் டிரெய்லருக்கும் உள்ள வேறுபாட்டிலேயே இருக்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. முன்னால் பிரேக் விளக்கு எரிவதைக் கண்டு உங்கள் கால் பெடலுக்குப் போக ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளாகவே 33 மீட்டர் கடந்திருப்பீர்கள். வேனில் பெடலை மிதித்ததும் பிரேக் பிடித்துவிடும். ஏர் பிரேக்கிலோ, காற்று குழாய் வழியாகக் கடைசி அச்சு வரை போய்ச் சேர ஏறத்தாழ அரை வினாடி ஆகிறது. அது இன்னுமொரு 11 மீட்டர். ஆக, 44 மீட்டர் ஓடிய பிறகுதான் வண்டியின் வேகம் குறையவே தொடங்குகிறது. லோடு இல்லாதபோது இந்தக் கவலை வேண்டாம் என்று சிலர் நினைப்பதுண்டு. காலி டிரெய்லரின் சக்கரங்கள் துள்ளிப் பிடிப்பை இழப்பதால், அது நிற்கச் சில நேரம் கூடுதல் தூரமே எடுத்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் கனரக வாகன உரிமத்துக்குப் படிப்பவர்களுக்கு ஓர் எளிய கணக்கு சொல்லித் தருகிறார்கள். வண்டியின் நீளத்தில் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் ஒரு வினாடி இடைவெளி விட வேண்டும். வேகம் 65 கி.மீ.க்கு மேல் போனால் அதோடு ஒரு வினாடியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வண்டி 18 மீட்டர் என்றால் 7 வினாடி, 80 கி.மீ. வேகத்தில் அது 155 மீட்டர். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடக்கும்போது எண்ணத் தொடங்கி, நீங்கள் அந்தக் கம்பத்தை அடையும்போது எந்த எண்ணில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

155 மீட்டர் காலியாகக் கிடந்தால் கார்கள் புகத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் அதனால் உங்களுக்கு ஆகும் நஷ்டம் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு 3 வினாடி முன்னால் ஒரு கார் புகுந்தால், மீண்டும் 7 வினாடி இடைவெளிக்கு வர நீங்கள் இழப்பது 4 வினாடி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு கார் வீதம் ஒரு மணி நேரம் புகுந்துகொண்டே இருந்தாலும் மொத்தம் 120 வினாடி, அதாவது இரண்டே நிமிடம். புகுந்தவர்களில் பலர் சற்று நேரத்தில் தாங்களாகவே வேறு தடத்துக்குப் போய்விடுவார்கள் என்பதால் உண்மையில் அந்த அளவுக்குக்கூட ஆகாது. கார் புகுந்தவுடன் பிரேக்கை மிதிக்க வேண்டாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்தினால் போதும், இடைவெளி தானாகவே விரியும். அந்தக் கார் வேகம் குறைத்தால் மட்டும் பிரேக்கைத் தொடுங்கள்.

நெருங்கிப் போய் ஹாரன் அடிப்பதைப் பற்றி: 10 மீட்டர் பின்னால் நீங்கள் வரும்போது அந்தக் காரின் கண்ணாடியில் உங்கள் வண்டியின் முகப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மிரண்டுபோனவர் பிரேக்கை மிதிக்கலாம், பக்கத்தில் பார்க்காமல் தடம் மாறலாம். இரண்டுமே உங்கள்மேல்தான் வந்து விழும். உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் காரின் கூரைக்கு மேலாக அதற்கு முன்னால் போகும் வண்டிகளும் உங்களுக்குத் தெரிகின்றன. அதுதான், போதிய இடம் இருக்கிறது என்று நம்பவைத்து ஏமாற்றுகிறது.

உங்கள் கண்ணாடி காட்டாத இடங்களும் உண்டு. புதிதாகப் பயிற்சிக்கு வருபவரைக் கேபினில் உட்காரவைத்து, ஓட்டுநர் இருக்கைக்கு எதிர்ப்பக்கக் கதவை ஒட்டி ஒரு சிறிய காரை நிறுத்திவிட்டு, "பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பேன். அவர் கழுத்தைத் திருப்பி, எல்லாக் கண்ணாடிகளையும் பார்த்துவிட்டு, பெரும்பாலும் "இல்லை" என்பார். இறங்கி மறுபக்கம் சுற்றி வந்து அந்தக் காரைத் தொட்டுப் பார்த்த பிறகு அவர் இண்டிகேட்டர் போடும் விதமே மாறிவிடும். வண்டியின் மூக்குக்கு முன்னால் சுமார் 6 மீட்டரும், பின்னால் 9 மீட்டரும் இப்படித்தான் மறைந்துகிடக்கும். நெரிசலில் முன் வண்டியை ஒட்டி நிறுத்தினால், இடையில் நுழைந்த இருசக்கர வாகனம் உங்கள் கண்ணில் படாமலே போகலாம்.

இனி முந்துவதைப் பற்றி. ஐரோப்பாவில் கனரக லாரிகளின் வேகத்தை 90 கி.மீ.க்குள் கருவியே கட்டுப்படுத்துகிறது. அதனால் அங்கே 90 கி.மீ.யில் போகும் லாரி 88 கி.மீ.யில் போகும் லாரியை முந்த முயல்வது அன்றாடக் காட்சி. இரண்டு லாரிகளின் நீளத்தோடு முன்னும் பின்னும் விட வேண்டிய இடத்தையும் சேர்த்து 100 மீட்டர் என்று கொண்டால், அந்த 2 கி.மீ. வித்தியாசத்தில் முந்தி முடிக்க மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் 4.5 கி.மீ. தாண்டியிருப்பீர்கள். அவ்வளவு தூரமும் பின்னால் வரும் கார்களை அடைத்துவைத்திருக்கிறீர்கள் என்பதால் அவர்கள் ஹாரன் அடிப்பதில் எனக்கு வியப்பில்லை. இவ்வளவு சிறிய வித்தியாசம் என்றால் முந்தவே வேண்டாம். முந்தத் தொடங்கிய பின் முன்னேற முடியவில்லை என்றால், பின்னால் இடம் இருக்கிறதா என்று பார்த்து, வேகத்தைக் குறைத்துப் பழைய தடத்துக்கே திரும்பிவிடுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

உங்களை இன்னொரு லாரி முந்தும்போது 88-இலிருந்து 83-க்கு இறங்கிக்கொடுங்கள். மூன்று நிமிட வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.