அந்த ரோமப் பேரரசரை எந்தப் பெயரால் எழுதுவது?

கேள்வி: ஸ்டோயிக் தத்துவம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். பேரரசர் மார்க்கஸ் அரேலியஸை முதல் வரியில் முழுப் பெயரோடு குறிப்பிட்டுவிட்டு, மற்ற இடங்களில் எல்லாம் 'அரேலியஸ்' என்று எழுதியிருந்தேன். பேராசிரியை அத்தனையையும் அடித்து 'மார்க்கஸ்' என்று மாற்றிவிட்டார். ஆங்கிலத்தில் கடைசிப் பெயரைத்தானே எழுத வேண்டும்? முதல் பெயர் மரியாதைக் குறைவாகத் தெரியாதா?
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: உங்கள் பேராசிரியை பக்கம்தான் நியாயம். இன்றைய ஆங்கிலப் பெயரில் கடைசியில் வருவது குடும்பப் பெயர், அதை மட்டும் சொன்னால் ஆள் தெரிந்துவிடும். ரோமப் பெயர் அப்படி வேலை செய்யாது. கி.பி. 121-ல் ரோமில் பிறந்த அந்தக் குழந்தையின் பெயரில் அரேலியஸ் என்ற சொல்லே கிடையாது. இளம் வயதில் அவர் மார்க்கஸ் அன்னியஸ் வேரஸ், அப்பா தாத்தா வழி வந்த பெயர். 138-ல் அப்போதைய பேரரசர் ஹேட்ரியன் சொன்னபடி அன்டோனினஸ் பயஸ் அவரைத் தத்தெடுத்தார், அரேலியஸ் என்பது அந்த வளர்ப்புத் தந்தையின் குலப்பெயர். தத்துப்போனதும் அது இவருக்கும் ஒட்டிக்கொண்டது. 161-ல் அரியணை ஏறியபோது 'வேரஸ்' என்ற தன் சொந்தப் பெயரைக் கழற்றி, தன்னோடு சேர்ந்து ஆள வந்த, தத்து வழித் தம்பி லூசியஸுக்குக் கொடுத்துவிட்டு, மார்க்கஸ் அரேலியஸ் அன்டோனினஸ் ஆனார். அந்தத் தம்பியின் முழுப் பெயர் என்ன தெரியுமா? லூசியஸ் அரேலியஸ் வேரஸ்! ஆக, 161-ல் 'பேரரசர் அரேலியஸ்' என்றால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதோடு முடியவில்லை. கராகல்லா என்று நாம் அறிந்த பேரரசனின் அரசுப் பெயரும் மார்க்கஸ் அரேலியஸ் அன்டோனினஸ்தான். அவன் 212-ல் பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ரோமக் குடியுரிமை கொடுத்தபோது, புதுக் குடிமக்கள் அவன் குலப்பெயரையே சூட்டிக்கொண்டார்கள். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஆவணங்களில் அதற்குப் பிறகு எங்கு பார்த்தாலும் அரேலியஸ்கள். அதனால் முதலில் முழுப் பெயர், அப்புறம் 'மார்க்கஸ்'. வரலாற்று ஆசிரியர்கள் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மார்க்கஸ் ரோமில் மிகச் சாதாரணமான பெயர், ரோமப் பேச்சாளர் சிசரோவும் ஒரு மார்க்கஸ்தான். இரண்டு பேரும் ஒரே பத்தியில் வந்தால் முழுப் பெயரையே எழுதிவிடுங்கள், நீளமானாலும் பரவாயில்லை.

கேள்வி: மார்க்கஸ் அரேலியஸின் 'மெடிடேஷன்ஸ்' குறிப்பு நூலின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றில் ஆசிரியர் பெயர் 'அன்டோனினஸ்' என்று இருக்கிறது. இவர் வேறு ஆளா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: அதே ஆள்தான். மெரிக் கசாபன் 1634-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த நூலின் தலைப்பிலேயே அன்டோனினஸ் இருக்கிறது, ஜார்ஜ் லாங்கின் 1862 மொழிபெயர்ப்பிலும் அப்படியே. இன்றைய ஆங்கிலம் அந்தப் பகுதியைக் கைவிட்டுவிட்டது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் தன் குறிப்புகளில் அவர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர் அதுதான். ஆறாம் பகுதியில் எழுதுகிறார்: அன்டோனினஸ் என்ற அளவில் என் ஊர் ரோம், மனிதன் என்ற அளவில் என் ஊர் இந்த உலகம். தனக்காகக் கிரேக்கத்தில் எழுதிவைத்த வரி இது. ஆங்கிலத்தில் மேற்கோள் காட்டும்போது தெளிவுக்காக என்று நினைத்து அங்கே 'மார்க்கஸ்' என்று மாற்றிவிடாதீர்கள், தயவுசெய்து. சீன வரலாற்று நூலிலும் 166-ல் தூது அனுப்பிய ரோம அரசன் பெயர் 'ஆந்துன்' என்றே பதிவாகியிருக்கிறது. மார்க்கஸ், அவர் தந்தை பயஸ், இருவருமே அன்டோனினஸ் என்பதால் அது இருவரில் யாருக்கும் பொருந்தும்.

கேள்வி: 'மார்க்கஸ் அரேலியஸின்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் இன்னொரு எஸ் போட வேண்டுமா? உச்சரிப்பு எப்படி?
- பள்ளி ஆசிரியர், மதுரை

பதில்: அபாஸ்டிரஃபிக்குப் பிறகு எஸ் போடலாம், வெறும் அபாஸ்டிரஃபியோடும் நிறுத்தலாம், இரண்டுமே வழக்கில் உண்டு. கட்டுரை முழுக்க ஒரே முறையில் இருந்தால் போதும். ஆங்கில உச்சரிப்பில் 'ரீ' என்ற அசையில் அழுத்தம் விழும்: 'அரீலியஸ்'. லத்தீனில் அது 'அவுரேலியுஸ்'. அப்புறம், நூற்பட்டியலில் அவரை 'ஏ' வரிசையில் தேடாதீர்கள். நூலகப் பட்டியல்கள் அவரை 'எம்' வரிசையில்தான் வைத்திருக்கின்றன.