எஸ்டேட் பங்களாவில் கிடைத்த பழைய செஸ் செட்: பாலிஷ் போடலாமா, என்ன விலை சொல்லலாம்?

கேள்வி: குன்னூரில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது என் மாமனார் ஒரு செஸ் செட் வாங்கினார். மரப்பெட்டி, உள்ளே 32 காய்கள். இரண்டு ராஜாக்களின் அடி ஓரத்திலும் 'ஜேக்ஸ் லண்டன்' என்று பொறித்திருக்கிறது. மூடியின் உள்பக்கம் கிழிந்த லேபிளில் 'ஜேக்ஸ் அண்ட் சன்' என்று படிக்க முடிகிறது. ராஜாவின் உயரம் 3.5 அங்குலம். ஒரு கறுப்புக் குதிரைக்குக் காது உடைந்திருக்கிறது. ஒரு கறுப்புச் சிப்பாய் மற்றவற்றோடு ஒட்டவில்லை. கார்ப்பென்டர் தேய்த்துப் பாலிஷ் போட்டுப் புதிதாக்கித் தருகிறேன் என்கிறார். ஒருவர் 20,000 ரூபாய்க்குக் கேட்கிறார். ஆன்லைனில் இதே மாதிரிக்கு 3 லட்சம் போட்டிருக்கிறார்கள். கூடவே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு சின்ன செட்டும் இருக்கிறது, தந்தம் என்கிறார்கள். என்ன செய்யலாம்? – வாசகி, கோவை

பதில்: முதலில் கார்ப்பென்டருக்குப் போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். உப்புத்தாள் பட்டுவிட்டால் மட்டும் திரும்பி வர வழியில்லை.

பழைய செட் வாங்குகிறவர்கள் பளபளப்புக்குக் காசு கொடுப்பதில்லை. கடைசலில் விழுந்த வளையங்கள் இன்னும் கூர்மையாக இருக்கின்றனவா, குதிரையின் பிடரியில் உளி போன தடம் தெரிகிறதா, ராஜாவின் ஓரத்தில் எழுத்து முழுதாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். தேய்த்தால் முதலில் போவது இந்த மூன்றும்தான். தின்னர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம்; பழைய பூச்சு பெரும்பாலும் அரக்கு, அது ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். தேங்காயெண்ணெய், லின்சீட் எண்ணெய் தடவும் யோசனையும் வரும், அதையும் விட்டுவிடுங்கள். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, பிழிந்த பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும்.

இப்போது உங்களிடம் இருப்பது என்ன என்று பார்ப்போம். இன்று போட்டிகளில் நாம் பார்க்கும் காய்களின் வடிவம் ஸ்டான்டன் வடிவம். நத்தேனியல் குக் என்பவர் 1849 மார்ச் 1 அன்று லண்டனில் இதைப் பதிவு செய்தார். செய்து விற்றது ஜான் ஜேக்ஸ் கம்பெனி. அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரரான ஹோவர்ட் ஸ்டான்டன் தன் பெயரையும் கையெழுத்தையும் கொடுத்தார். விளம்பரத்துக்கு நட்சத்திரத்தைப் பிடிக்கும் பழக்கம் நேற்று வந்ததல்ல! ஆனால் அந்தப் பதிவு தந்த பாதுகாப்பு 3 ஆண்டுகள்தான். அப்புறம் பலரும் இதே வடிவத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். ஏயர்ஸ், பிரிட்டிஷ் செஸ் கம்பெனி போன்றவர்களின் செட்டுகளுக்கும் இன்று தனி மதிப்பு உண்டு என்றாலும், பெயர் சொன்னதும் விலை ஏறுவது ஜேக்ஸுக்குத்தான்.

தொடக்க கால ஜேக்ஸ் செட்டுகளில் வெள்ளை ராஜாவில் மட்டும்தான் பெயர் இருக்கும். இரண்டு ராஜாக்களிலும் பொறிக்கத் தொடங்கியது ஏறத்தாழ 1862 வாக்கில். லேபிளில் 'லிமிடெட்' என்ற சொல் வந்தால் 1899-க்குப் பிந்தியது. உங்கள் லேபிள் கிழிந்திருப்பதால், 'சன்' என்பதற்குப் பக்கத்தில் அந்தச் சொல்லின் மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் 1860-களிலிருந்து 1899-க்குள் செய்த செட் என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம். லேபிளை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். பெட்டி ஒரு செட்டுடையது, காய்கள் வேறு செட்டுடையது என்பது சகஜம்.

பெயர் பொறிப்பது பெரிய வித்தையல்ல, எனவே அது மட்டும் சாட்சியாகாது. இன்று உலகச் சந்தையில் விற்கும் தரமான மரக் காய்களில் பெரும்பங்கு அமிர்தசரஸில் செய்தவை; பழைய ஜேக்ஸ் மாதிரிகளைப் பார்த்து அங்கே அச்சு அசலாகச் செய்கிறார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை, அருமையான கைவேலை. வாங்கியவர் அதைச் சாயம் ஏற்றிப் பழசாக்கி விற்கும்போதுதான் ஏமாற்று. அதனால் குதிரையைப் பாருங்கள். மற்ற காய்கள் கடைசலில் வருபவை, குதிரைத் தலை மட்டும் கையால் செதுக்குவது. சேகரிப்பாளர்கள் ஜேக்ஸ் செட்டுகளின் காலத்தைக் கணிப்பதே பெரும்பாலும் குதிரை முகத்தை வைத்துத்தான். ஆண்டர்சன், மார்ஃபி, ஸ்டைனிட்ஸ் என்று பழைய ஆட்டக்காரர்களின் பெயரையே ஒவ்வொரு மாதிரிக்கும் வைத்திருக்கிறார்கள். நான்கு குதிரைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஆளின் கை தெரிய வேண்டும், ஆனால் நான்கும் துளி பிசகாமல் ஒன்றாக இருக்கக் கூடாது. இருந்தால் சந்தேகப்படலாம்.

அடுத்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு குதிரையின் தலையிலும் ஒரு யானையின் உச்சியிலும் சின்னக் கிரீட முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தக் காலத்தில் ஆட்டத்தை எழுதும்போது 'ராஜா பக்கத்துக் குதிரை', 'ராணி பக்கத்துக் குதிரை' என்று பிரித்து எழுதுவார்கள். ஆட்ட நடுவில் எது எது என்று தெரிய ராஜா பக்கத்துக் காய்களுக்குக் கிரீடம் குத்தினார்கள். நான்கிலும் இருந்தால் அந்த நான்கும் மாற்றப்படாதவை என்று ஓரளவு நம்பலாம்.

மரத்துக்கு அந்த உடைந்த காதே உதவி செய்யும். நல்ல ஜேக்ஸ் செட்டில் கறுப்புக் காய்கள் கருங்காலி, வெள்ளை பாக்ஸ்வுட். உடைந்த இடம் உள்ளேயும் கறுப்பாக இருந்தால் கருங்காலி. வெளிர் மரம் தெரிந்தால் சாயம் போட்டது. (மாலையாகக் கோத்து விற்கிறார்களே, அந்தக் கருங்காலிப் பேச்சை இங்கே இழுக்க வேண்டாம்.) எடை கூட்டிய செட்டாக இருந்தால் அடியில் ஈயம் வைத்திருப்பார்கள். மரம் காலப்போக்கில் சுருங்கும், ஈயம் சுருங்காது. அதனால் அடிப்பகுதியில் மெல்லிய விரிசல் விழும். அது குறையானாலும் வயதுக்கு ஒரு சாட்சி. விரிசலை ஃபெவிகால் வைத்து அடைக்காதீர்கள். அடியில் உள்ள பழைய துணி கிழிந்திருந்தாலும் பிய்க்காதீர்கள். ஈயம் வெளியே தெரிகிற காய்களைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஒட்டாத சிப்பாய் விலையைக் குறைக்கும், ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. சிப்பாய் தொலைவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், அதே காலத்து ஜேக்ஸ் சிப்பாய் தனியாகவும் விற்பனைக்கு வரும். குதிரை மாறியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். காதை உள்ளூரில் ஒட்ட வைக்காமல், உடைந்த துண்டு கிடைத்தால் ஒரு கவரில் போட்டுப் பெட்டியிலேயே வையுங்கள். ராஜாவின் தலையில் இருக்கும் சிலுவை தனித் துண்டு, அடிக்கடி உடைந்து மாற்றப்படும் பகுதி. இரண்டு ராஜாக்களிலும் அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

விலைக்கு வருவோம். பழைய செஸ் காய் என்றாலே 2019-இல் நடந்த லூயிஸ் காய் ஏலத்தைச் சொல்வார்கள். 1964-இல் 5 பவுண்டுக்கு வாங்கிய ஒரே ஒரு காய், சோத்பீஸ் ஏலத்தில் 7,35,000 பவுண்டுக்குப் போனது. அது ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831-இல் கிடைத்த இடைக்காலப் புதையலைச் சேர்ந்தது. அந்தப் புதையலிலிருந்து காணாமல் போனவையாகத் தெரிந்த ஐந்து காய்களில் ஒன்று. ஜேக்ஸ் செட்டுகளோ பல்லாண்டு காலம் கடையில் வைத்து விற்ற சரக்கு. லண்டன் ஏலங்களில் உங்கள் காலத்து, உங்கள் அளவு மரச் செட் சாதாரணமாகச் சில நூறு பவுண்டிலிருந்து ஆயிரத்தை ஒட்டி நிற்கும். பல ஆயிரங்களுக்குப் போவது 1849-ஐ ஒட்டிய முதல் செட்டுகளும் ராஜா 4.4 அங்குல உயரம் உள்ள பெரிய 'கிளப்' அளவுச் செட்டுகளும்தான். ஆன்லைனில் நீங்கள் பார்த்த 3 லட்சம் விற்பவரின் ஆசை. இ-பே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம், அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏலத்தில் வாங்குபவர் மேலே கட்டும் கமிஷனும் சேர்த்துத்தான் பெரும்பாலும் செய்தி வரும். விற்றவர் கைக்கு வருவது அதைவிட நன்றாகவே குறையும்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. லண்டன் விலை உங்களுக்கு நேராகக் கிடைக்காது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 வயது கடந்த கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை சான்று தந்தால்தான் வழி. கூரியரில் 'பழைய பொம்மை' என்று எழுதி அனுப்பும் யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். உள்ளூரில் வாங்குபவர்கள் குறைவு, அதனால் விலையும் குறையும். அப்படியும், நான் சொன்ன சோதனைகளில் தேறினால் 20,000 ரூபாய் மிகவும் குறைவு. அதற்குக் கொடுக்க மாட்டேன். பணம் அவசரம் இல்லையென்றால் வைத்துக்கொள்வதே என் கட்சி.

அந்தச் சிவப்பு வெள்ளை செட்டைப் பொறுத்தவரை, அது எலும்பா தந்தமா என்று தெரியும் வரை யாரிடமும் விலை பேசாதீர்கள். ராஜாவின் அடியை நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னக் கரும்புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால் எலும்பு. ஒன்றை ஒன்று வெட்டிப் போகும் வளைகோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம். சூடான ஊசி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், வேண்டாம், காய்தான் கெடும். தந்தமாக இருந்தால் எவ்வளவு பழசானாலும் இந்தியாவில் விற்க முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986, 1991 திருத்தங்கள் அந்த வியாபாரத்தை முழுக்க மூடிவிட்டன. வைத்திருப்பதற்கே உரிமைச் சான்று தேவைப்படும், எனவே ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு வனத்துறையை அணுகுங்கள்.

எலும்பு என்றால் சிக்கல் இல்லை. இரண்டு செட்டையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள்: எல்லாக் காய்களும் வரிசையாக, நான்கு குதிரைகளும் பக்கவாட்டில், ராஜா பக்கத்தில் ஸ்கேல் வைத்து, முத்திரை, லேபிள், அடிப்பகுதி எல்லாம் கிட்டத்தில், உடைந்த இடங்களும் மறைக்காமல். செஸ் செட்டுகளை ஏலம் விடும் பெரிய நிறுவனங்கள் படத்தைப் பார்த்து உத்தேச மதிப்பு சொல்வார்கள், பெரும்பாலும் இலவசமாகவே. அது வரும்வரை 20,000 சொன்னவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.