கதிரை தமிழ்ச்சொல்லா?

கேள்வி: நாங்கள் 'கதிரை' என்கிறோம். சென்னையில் இருக்கும் மச்சாள் 'நாற்காலி' என்கிறாள். கதிரை தமிழ்தானா? - வாசகி, சுன்னாகம்

பதில்: பிறப்பால் இல்லை, தங்கச்சி. அது போர்த்துக்கேயச் சொல். 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் 1658 இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்தார்கள். அவர்களுடைய 'கதெய்ரா' மட்டும் எங்கள் விறாந்தையில் நின்றுவிட்டது. (விறாந்தையும் அவர்கள் வழி வந்ததுதான்.) அதன் தாய் இலத்தீன் 'கதெத்ரா'. இலத்தீன் அதைக் கிரேக்கத்திடம் வாங்கியது.

அப்புறம் அந்தச் சொல் போன வழிகள்தான் எனக்கு எப்போதும் வியப்பு. ஆங்கிலத்தில் 'செயார்' ஆனது. பிரெஞ்சில் 'ஷேர்' என்றால் பிரசங்க மேடை, பேராசிரியர் பதவி. அதே சொல்லில் ரகரம் திரிந்து வந்த 'ஷேஸ்'தான் அவர்களுக்குக் கதிரை. ஸ்பானியத்தில் 'கதேரா' இடுப்பைக் குறிக்கும்! உட்காரும் பொருளின் பெயர் உடம்புக்கே ஏறிவிட்டது. 'கதீட்ரல்' என்பது ஆயரின் ஆசனம் உள்ள கோயில். எங்கள் மரியன்னை பேராலயமும் அப்படித்தான்.

என் அம்மம்மா சாய்மனைக் கதிரையில் இருந்துதான் எனக்கு அரிச்சுவடி சொல்லித் தந்தார். நீங்களும் மச்சாளிடம் தயங்காமல் கதிரை என்றே சொல்லுங்கள்.